கரடி, குடை, மயில்

அத்தியாயம் 5

ஃபிளெக்ஸ் பேனரில் தபித்தாள் டீச்சர் தபால்தலை அளவுக்கு இருந்தார். அவருடைய தம்பி அருள்ராஜ் ஆள் உயரத்துக்கு, கையைக் கூப்பிக்கொண்டு, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ‘தபித்தாள் டீச்சர் நினைவுக் கல்வி அறக்கட்டளை. முதலாவது கல்வி உதவி வழங்கும் விழா. இன்று மாலை 3 மணி’ என்று பக்கத்தில் தங்க எழுத்து.

கேத்தி ரோட்டோரம் ஜீப்பை நிறுத்திய ஹாமித், பேனரை மேலும் கீழும் பார்த்தான்.

“மேடம், செத்துப்போனது யாருங்க? டீச்சரா, தம்பியா?”

“வாயை மூடிட்டு வா.”

“இல்லைங்க, மாலையை யார் படத்துக்குப் போடறதுன்னு ஒரு சந்தேகம். அதான்.”

ஷைனா கேட்டைத் திறந்தாள். பதினைந்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவள். இப்போது குன்னூரில் ஒரு ரொட்டிக்கடைக்கு மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். ஹாமித் அவலாஞ்சிக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போன ஜீப் டிரைவர். ‘புலி எங்கே, புலி எங்கே’ என்ற கேள்விக்குப் பன்னிரண்டு வருடம் பதில் சொல்லிக் களைத்து, ஷைனாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். நாற்பதைத் தொடப்போகிறான். வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அவர்களைக் கூப்பிட்டிருந்தவர் டீச்சரின் கணவர் ஜாபேஸ். எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் டீமேக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். டீமேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுக்கிறவர் இல்லை. பச்சை இலை உள்ளே வந்து தூளாக வெளியே போகிற வரைக்கும் அந்த ஃபேக்டரிக்குள் அவர் சொன்னதுதான் சட்டம். இப்போது மனுஷன் வீட்டுக்குள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு சின்ன நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“வாங்க, உக்காருங்க. நேத்து போன்ல சொன்னனேங்க, அந்த நோட்டு இதுதான்.”

உள்ளங்கை அளவு நோட்டு. பக்கத்துக்கு ஒரு பேர். பேருக்கு எதிரே ஒரே ஒரு வார்த்தை. கீழே சிவப்பு மையில் ஒரு டிக். அவ்வளவுதான். ஷைனா புரட்டப் புரட்ட ஹாமித் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

லியோ - கரடி. பிரசாத் - குடை. ரவிச்சந்திரன் - தம்பி. ஜஸ்டஸ் - பூட்ஸ்.

“மொத்தம் நூத்திப் பன்னெண்டு பேருங்க,” என்றார் ஜாபேஸ். “எஸ்டேட் ஸ்கூல்ல வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து எழுதி வெச்சது. ஆஸ்பத்திரியில கடைசியா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘நோட்டுல இருக்கற பிள்ளைங்களைப் படிக்க வைங்க, வேற ஒண்ணும் வேண்டாம்’னா. அதை அப்படியே டிரஸ்ட் பத்திரத்துல எழுதிப் பதிஞ்சிட்டேன். நோட்டுல பேர் இருந்தாத்தான் உதவி. நான் தலைவர், மச்சினன் அருள்ராஜ் செயலாளர்.”

“இப்ப என்ன பிரச்சினை?”

“நிதான்னு ஒரு பொண்ணு மனுப் போட்டிருக்குங்க. கோயமுத்தூர்ல நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு. டிரஸ்ட் கையெழுத்துப் போட்ட கடிதம் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மெயில்ல காலேஜுக்குப் போகலைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும். ஆனா நோட்டுல நிதா பேர் இல்லைன்னு அருள்ராஜ் சொல்றான். இல்லைதான். அதுக்குப் பதிலா…”

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘எல்சா - மயில்’. கீழே சிவப்பு டிக்.

“எல்சா யாரு?”

“அருள்ராஜ் பொண்ணு.”

ஹாமித் விசிலடிக்கப் போய், ஷைனாவின் முழங்கையைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

“இந்தப் பக்கத்தை நான் முன்னாடி பார்த்ததில்லைங்க,” என்றார் ஜாபேஸ். “நோட்டை ஸ்கேன் பண்ணித் தர்றேன்னு ஒரு மாசம் அவன் வெச்சிருந்தான். எழுத்து அவ எழுத்து மாதிரியே இருக்கு. கேட்டா, அக்கா எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்லப் பேர் வெப்பாங்க, எம் பொண்ணு ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட டியூசன் படிச்சா, பரதநாட்டியம் ஆடுவா, அதான் மயில்னு சொல்றான்.”

“கரடி, குடை, பூட்ஸ் எல்லாம் செல்லப் பேராங்க?” ஹாமித்தால் அதற்கு மேல் முடியவில்லை. “என்னை எங்க வாத்தியார் எருமைன்னு கூப்பிட்டப்ப அதுல இவ்வளவு செல்லம் இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே.”

“உங்களுக்கு இந்த வார்த்தைங்க என்னன்னு தெரியுமா?” ஷைனா கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் புரியலைங்க.” ஜாபேஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க வேணும்னா அந்த லியோவைப் போய்ப் பாருங்க. குன்னூர் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருக்கான்.”

ஷைனா நோட்டின் நடுப்பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தியிருந்தாள். அங்கே ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

“இது?”

“யார் கிழிச்சாங்களோ தெரியலைங்க,” என்றார் ஜாபேஸ். அருள்ராஜுக்கு நோட்டு மேடையில் வைக்க வேண்டுமாம். விழாவுக்குத் தானே அதை எடுத்து வந்துவிடுவதாகச் சொன்னார்.

மணி பத்தரை.

குன்னூர் இறங்குகிற ரோட்டில் சமவெளிக் கார்கள் வால் பிடித்து நின்றன. கிலோமீட்டர் கணக்கில் வந்தவர்கள் எல்லாம் கேரட் கடை முன்னால் இறங்கி, கேரட்டோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாமித் சந்து பொந்தெல்லாம் புகுந்து பஸ் ஸ்டாண்டுக்குள் ஜீப்பை விடுகையில் பதினொன்றரை ஆகிவிட்டது.

“மேடம், பெட் கட்டறேன். லியோங்கறவர் நல்லா உருண்டு திரண்டு, கை காலெல்லாம் மயிரா இருப்பாரு. கரடின்னு டீச்சர் சும்மாவா எழுதுவாங்க?”

டைம் கீப்பர் கூண்டுக்குள்ளிருந்து விசிலோடு வெளியே வந்த லியோவுக்கு மிஞ்சிப் போனால் நாற்பத்தெட்டு கிலோ இருக்கும். காக்கிச் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. கையில் ஒரு மயிர் இல்லை. மீசைகூட ஏதோ கடனுக்கு வாங்கி வைத்த மாதிரி இருந்தது.

“பெட் என்னாச்சு?” என்றாள் ஷைனா.

“கரடிக்கு டயட் போட்டிருப்பாங்க,” என்றான் ஹாமித்.

விஷயத்தைச் சொன்னதும் லியோ கோத்தகிரி பஸ்ஸுக்கு விசில் கொடுக்க மறந்து நின்றுவிட்டார்.

“கரடின்னா எழுதி வெச்சிருந்தாங்க? அடப் பாவமே.” அவருக்குச் சிரிப்பு வந்தது. “நான் மூணாங் கிளாஸுங்க. எங்க எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு ஒண்ணரை மைல் நடக்கணும். ஒருநா காத்தால பாதை நடுவுல கரடி நிக்குது. திரும்பி ஓடி வந்தவன்தான், அப்புறம் மூணு வாரம் ஸ்கூல் பக்கமே போகலை. காச்சல்னு பொய் சொல்லிப் படுத்துக்கிட்டேன். டீச்சர் ஊட்டுக்கே வந்துட்டாங்க. அடிப்பாங்கன்னு பார்த்தேன். அடிக்கலை. ‘உன்னை எதுடா தடுக்குது?’ன்னாங்க. ‘கரடி’ன்னேன். அம்மா சிரிச்சாங்க, பக்கத்து ஊட்டுக்காரங்க சிரிச்சாங்க. டீச்சர் சிரிக்கலைங்க. நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாங்க.”

“அப்புறம்?”

“மறுநா ஏழு மணிக்குக் காலி பிஸ்கட் டின்னும் குச்சியுமா வாசல்ல நிக்கறாங்க. டம டமன்னு தட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போனாங்க. ஒரு நாள் இல்லைங்க, ஒரு மாசம். எனக்குப் பயம் போனதுக்கப்புறம்தான் விட்டாங்க.”

 

ஷைனா அங்கேயே நின்று பிரசாத்துக்குப் போன் போட்டாள். நம்பரை லியோதான் கொடுத்தார். பிரசாத் அவலாஞ்சியில் மின்வாரியத்தில் வேலை. சிக்னல் வந்து வந்து போனது.

“குடையா? ஹலோ… எங்க ஊட்ல ஒரே குடைங்க. அக்காவும் நானும் ரெண்டு ஸ்கூலு. மழை மாசத்துல அக்கா எடுத்துட்டுப் போயிடுவா. நான் ஆடி மாசம் பூரா போகலை… ஹலோ… டீச்சர் வந்து கேட்டாங்க. நாலு நாள்ல ஒரு குடை வாங்கிட்டு வந்தாங்க. சின்னது. பச்சைக் கலரு…”

லைன் கட்டாகிவிட்டது. ஷைனா போனைப் பைக்குள் போட்டாள்.

“ஹாமித், இது நல்லாப் படிக்கிறவங்க லிஸ்ட் இல்லை.”

“ஸ்கூலுக்கு வராமப் போனவங்க லிஸ்ட்!” ஹாமித் ஜீப் பானெட்டை ஒரு தட்டுத் தட்டினான். “பேருக்கு எதிர்ல இருக்கறது எது தடுத்துச்சுங்கறது. திரும்பி வந்துட்டா கீழ ஒரு டிக். ஐயோ அருள்ராஜ் அண்ணே! அக்கா பேர்ல கல்வி அறக்கட்டளை நடத்தறீங்க, அக்கா என்ன பண்ணாங்கன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சுக்காமப் போயிட்டீங்களே! மயில் வந்து உங்க பொண்ணை வழிமறிச்சுதா?”

“லியோ, மூணு மணிக்கு ஊட்டி மண்டபத்துல விழா, வர முடியுமா?”

“டூட்டி மாத்திட்டு வர்றேங்க. டீச்சருக்காக வரமாட்டனா?”

“அப்ப கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாங்களா?” என்றான் ஹாமித்.

“பாதிதான் முடிஞ்சிருக்கு. எல்சா பேர் பொய்னு நிரூபிச்சா நிதா பேர் தானா நோட்டுல வந்துடுமா? கிழிஞ்ச பக்கம் வேணும். காந்தல்ல நிதா வீட்டுக்கு விடு.”

ஊட்டி காந்தலில் அந்த வீடு ஒரு தெருவுக்குள் ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து. முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்தவள் ஹாஜிரா, நிதாவின் அம்மா. நிதா கட்டிலில் சான்றிதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள். பதினெட்டு வயது. வந்தவர்களை வாங்க என்றாள், உட்காருங்க என்றாள், அடுத்த மூச்சில் சண்டைக்குத் தயாரானாள்.

“டிரஸ்ட்ல இருந்து வர்றீங்களா? நோட்டுல பேர் இருந்தாத்தான் குடுப்பமுங்கறாங்க. இருக்குன்னா, பக்கத்தைக் காட்டுங்கறாங்க. நோட்டு அவங்க கையில. நான் எதைங்க காட்டறது?”

“இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“என் கண்ணு முன்னாடி எழுதினாங்க.”

ஹாஜிரா மெஷினை நிறுத்தினாள். “நாங்க அந்த எஸ்டேட்லதாங்க இருந்தோம். இவளைப் பெத்த அத்தா ஜலீல், ஃபேக்டரியில இலையைக் காய வைக்கிற ட்ரையர்ல வேலை. ஒருநா தூள் கருகிப் போச்சு. அவராலதான் கருகுச்சுன்னு ரிப்போர்ட் எழுதி வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. ஒரே வாரத்துல லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இவளுக்கு எட்டு வயசு. ஒரு வருஷம் ஸ்கூல் இல்லை.”

“டீச்சர் எங்களைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்தாங்க,” என்றாள் நிதா. “சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி வருவாங்க. பாடம் சொல்லித் தந்து, இங்க ஸ்கூல்ல சேர்த்து விட்டாங்க. மொத நாள் வந்தப்ப நோட்டை எடுத்து நிதான்னு எழுதினாங்க. பக்கத்துல என்னமோ எழுதினாங்க, அதைக் கையால மறைச்சுக்கிட்டாங்க. எட்டிப் பார்த்தேன், காட்டலை.”

“அத்தா இப்ப எங்கம்மா?”

“திருப்பூர்ல வாட்ச்மேன். இங்க வர்றதில்லைங்க. தூளைக் கருக்குனவன்னு ஒரு பேர் வந்துருச்சுல்ல? எந்த ஃபேக்டரியிலயும் சேர்க்கலை. எங்கத்தா அப்படிக் கருக்கற ஆளே இல்லை.”  குரல் உடையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

ஹாமித், சந்தில் ஜீப்பைத் திருப்ப வேண்டும் என்று சாக்குச் சொல்லி வெளியே வந்துவிட்டான். மூன்று முறை முன்னால், நான்கு முறை பின்னால், ஒரு கோழியை மிரட்டி, ஒரு கிழவரிடம் திட்டு வாங்கித் திருப்பி முடித்தபோது ஷைனா வெளியே வந்தாள். அவள் முகம் உள்ளே போனபோது இருந்த மாதிரி இல்லை.

“என்னங்க?”

“ஹாஜிராகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் பிடிக்கலை. மண்டபத்துக்கு விடு.”

மண்டபத்தில் மூன்று மணி விழா மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. அதற்குள் வந்தவர் போனவருக்கெல்லாம் சால்வை போர்த்தினார்கள். மூன்று வருடமாக இந்தக் கல்வி அறக்கட்டளை முழுமூச்சாகச் செய்த வேலை அதுதான். சால்வை போர்த்தியவருக்கு ஒரு சால்வை, சால்வைத் தட்டைத் தூக்கி வந்தவருக்கு ஒரு சால்வை. ஒரு பிள்ளைக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை. வெள்ளித் தட்டில் ரோஜா இதழ்களுக்கு நடுவே டீச்சரின் நோட்டு. மேடையில் நடுநாற்காலியில் ஜாபேஸ். முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டித் தலையைக் குனிந்துகொண்டு எல்சா. கடைசி வரிசையில் நிதாவும் ஹாஜிராவும்.

அருள்ராஜ் மைக்கைப் பிடித்தார்.

“என் அக்கா ஒரு விளக்கு! அந்த விளக்கு அணையவில்லை. ஏனென்றால் அதற்கு நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்!”

“எண்ணெய் ஊத்தலைங்க, சட்டி வெச்சு வடை சுடறாரு,” என்று ஹாமித் முணுமுணுத்தான்.

பதினைந்து நிமிடம் விளக்கு எரிந்த பிறகு அருள்ராஜ் நோட்டைத் தூக்கிக் காட்டினார். “அக்கா கையால் எழுதிய பட்டியல். இதில் இடம்பெற்று, இந்த முதல் உதவியைப் பெறுகிறவர் செல்வி எல்சா! என் மகள் என்பதற்காக அல்ல. அக்கா அவளைச் செல்லமாக மயில் என்று…”

“ஒரு சந்தேகமுங்க.” ஷைனா எழுந்து நின்றாள். “தலைவர் ஐயா என்னைக் கூப்பிட்டிருந்தார். நோட்டுல இருக்கற மத்தவங்க செல்லப் பேரையும் கொஞ்சம் படிக்கறீங்களா?”

அருள்ராஜ் ஜாபேஸைப் பார்த்தார். ஜாபேஸ் தலையசைத்தார். வேறு வழியில்லாமல் முதல் பக்கத்தைப் புரட்டினார்.

“லியோ. கரடி. பாருங்கள், குண்டாக இருந்த ஒரு பையனை அக்கா எவ்வளவு பாசமாக…”

“நாந்தானுங்க லியோ,” என்று பக்கவாட்டிலிருந்து எழுந்தார் லியோ.

மண்டபம் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தது. பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது முன்வரிசை வரைக்கும் பரவியது. லியோ சிரிக்காமல் கரடியையும் பிஸ்கட் டின்னையும் சொன்னார். ஷைனா போனை உயர்த்தி, அவலாஞ்சி பிரசாத் வாயால் குடையைச் சொல்ல வைத்தாள். இன்னும் இரண்டு பேர் கூட்டத்திலிருந்தே எழுந்துவிட்டார்கள். பூட்ஸ் ஜஸ்டஸ் ஒருவர். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட ரவிச்சந்திரன் இன்னொருவர். அந்தத் தம்பியையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

“இது டீச்சர் பிள்ளைகளுக்கு வெச்ச பேர் இல்லைங்க. பிள்ளைகளை ஸ்கூலுக்கு வரவிடாமத் தடுத்தது எதுன்னு எழுதி வெச்சது,” என்றாள் ஷைனா. “இப்பச் சொல்லுங்க. உங்க பொண்ணை மயில் எந்த இடத்துல வழிமறிச்சுது?”

“கார்லதானங்க அந்தப் பாப்பா ஸ்கூல் போச்சு,” என்றான் ஹாமித். “மயில் லிஃப்ட் கேட்டிருக்கும்.”

சிரிப்பில் மண்டபத் தகரம் அதிர்ந்தது. எல்சா முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். “அப்பா, நான்தான் வேண்டாம்னு அன்னிக்கே சொன்னனே” என்று அழுதபடியே வெளியே போய்விட்டாள். அருள்ராஜின் முகம் வேர்த்துக் கொட்டியது. ஆனால் ஆள் லேசில் விடுகிறவர் இல்லை.

“சரி! எழுதினேன்! எல்சா பேரை நான்தான் எழுதினேன்! அக்கா தன் பொண்ணு மாதிரி வளர்த்தவ, ஒரு உரிமையில எழுதிட்டேன். அதுக்காக இல்லாத பேருக்குக் குடுக்க முடியுமா? நிதா பேர் நோட்டுல இல்லை. பத்திரம் பத்திரந்தான். பக்கத்தை நான் கிழிச்சேன்னு சொல்லப்போறீங்களா? சத்தியமாக் கிழிக்கலை!”

“கிழிக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க,” என்றாள் ஷைனா.

ஹாமித் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் மனசுக்குள் அருள்ராஜுக்கு இரண்டு கையிலும் விலங்கு பூட்டி வைத்திருந்தான்.

“அந்த வார்த்தைங்களுக்கு அர்த்தமே தெரியாத ஆள் நீங்க. உங்களுக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான். ஒரு பக்கத்தைத் தேடிக் கிழிக்கணும்னா, அதுல இருக்கற வார்த்தையைப் பார்த்துப் பயந்திருக்கணும். பயப்படணும்னா அர்த்தம் தெரிஞ்சிருக்கணும்.” அவள் நடுநாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். “ஐயா, காத்தால எனக்கு ஒண்ணும் புரியலைன்னீங்க. ஆனா நூத்திப் பன்னெண்டு பேர்ல, யார்கிட்டப் போனா அர்த்தம் கிடைக்குமோ அவங்ககிட்ட நேரா அனுப்பினீங்க. மச்சினன் எழுதின பொய் வெளிய வரணும். உங்க பக்கம் மட்டும் வெளிய வரக் கூடாது. அதானுங்களே?”

ஜாபேஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஜலீல் மேல ரிப்போர்ட் எழுதினது யாருன்னு ஹாஜிராகிட்டக் கேட்டேன். டீமேக்கர்னு சொன்னாங்க.”

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். ஜாபேஸ் மேல் ஸ்வெட்டரின் பொத்தானைக் கழற்றினார். சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தார்.  மைக்கை அருள்ராஜே நகர்த்தி வைத்தார்.

“நிதா,” என்று படித்தார். “என் வீட்டுக்காரர்.”

தாளைக் கூட்டத்துக்குத் திருப்பிக் காட்டினார். கீழே சிவப்பு டிக் இல்லை.

“மனு வந்த அன்னைக்குப் பேரைச் சரி பார்க்கலாம்னுதான் நோட்டைத் திறந்தேன். அது வரைக்கும் இந்தப் பக்கத்தை நான் பார்த்ததில்லைங்க. பார்த்ததும் கிழிச்சிட்டேன். எரிக்க மனசு வரலை.” அவர் குரல் மைக்கில் உரசியது. “ட்ரையர் சூட்டை ஏத்தச் சொன்னது நான். லோடு சீக்கிரம் போகணும்னு அவசரம். கருகிடும் சார்னு ஜலீல் சொன்னான். சொன்னதைச் செய்யுடான்னேன். கருகிப் போச்சு. ரிப்போர்ட்ல அவன் பேரை எழுதிட்டேன். ரிட்டயர் ஆக எனக்கு ஒரு வருஷந்தான் இருந்துச்சு. அவ எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைங்க. சனிக்கிழமை சனிக்கிழமை எனக்குச் சோறு எடுத்து வெச்சிட்டு காந்தலுக்குப் பஸ் ஏறிப் போவா. பிள்ளை ஸ்கூல்ல சேர்ந்துட்டா. அப்பவும் டிக் போடலை பாருங்க. நான் அப்படியேதானே இருந்தேன்.”

ஹாஜிரா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். லியோ தரையைப் பார்த்தார். 

நிதா நடந்து வந்தாள். மேடைப்படி ஏறி ஜாபேஸ் முன்னால் நின்றாள். ஜாபேஸ் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தார். யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள். அருள்ராஜ் அந்த நேரத்திலும் போட்டோகிராபரைக் கண்ணால் தேடினார்.

“அழுகறதுன்னா அப்புறம் அழுதுக்குங்க,” என்றாள் நிதா. “மணி நாலே முக்கால். பேனா இருக்குங்களா?”

ஷைனா பேனாவை நீட்டினாள். அறக்கட்டளைக் கடிதம் நிதாவின் கோப்பிலேயே தயாராக இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் அவள் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து வைத்தாள்.

“இதுல எங்க அத்தாவுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. இப்ப மைக்குல சொன்னீங்கல்ல, அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“எழுதறேம்மா. கண்டிப்பா எழுதறேன்.” ஜாபேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறக்கட்டளைக் கடிதத்தை இழுத்தார். “முதல்ல உன் சீட்டு. நேரமாச்சு பாரு.”

நிதா அந்தக் கடிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

“முதல்ல லெட்டருங்க.”